முகவரி யாருடையது?

(சிறுவணிகர்க்குரிய மின்னஞ்சல் அமைப்பைப் பற்றி வணிகர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



கடையின் பெயர்ப்பலகை தமிழில் அமைதல் வேண்டும் என்னும் குரல் தமிழகத் தெருக்களில் எழுந்து பல்லாண்டுகள் ஆயின. அக்குரலுக்குச் செவிசாய்த்துத் தம் அச்சகத்திற்கும் நெசவகத்திற்கும் எண்ணெய்ச் செக்கிற்கும் மருந்தகத்திற்கும் நல்ல தமிழ்ப் பெயர் சூட்டினோர் பலர். அது பாராட்டத் தக்கதே. ஆயினும் அப்பலகையின் அடிவரியை ஒருமுறை உற்று நோக்குங்கள். அங்கே ஒரு மின்னஞ்சல் முகவரி எழுதப்பெற்றிருக்கும். அதன் பின்பாதி, பெரும்பாலும், கடல்கடந்த ஒரு பெருநிறுவனத்தின் பெயராக இருக்கும். மேல்வரியில் உழைத்தவன் பெயர். கீழ்வரியில் அயலான் பெயர். மேல்வரியை மாற்றவோ அழிக்கவோ கடைக்காரர் ஒருவருக்கே உரிமை உண்டு. கீழ்வரியைச் செல்லாததாக்கும் உரிமையோ அவரிடம் இல்லை, அந்நிறுவனத்தினிடம் உள்ளது. விலைச்சிட்டையிலும் பையிலும் நாட்காட்டியிலும் வண்டியின் பக்கத்திலும் கைக்காசு செலவிட்டு அச்சிடப்பெறும் அந்தக் கீழ்வரியைப் பற்றியதே இப்பொழிவு.

இருபாதி முகவரி

மின்னஞ்சல் முகவரி இரண்டு பாதிகளால் ஆயது. இடையே நிற்கும் சுழிக்குறி அவ்விரண்டையும் பிரிக்கின்றது. 1971-ஆம் ஆண்டு இரே தாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு மடல் விடுத்தபொழுது, ஆளின் பெயரையும் பொறியின் பெயரையும் பிரித்துக் காட்டுதற்கு அக்குறியைத் தேர்ந்தார். அன்று தொட்டு அந்த அமைப்பு மாறவில்லை. குறிக்கு முன் நிற்பது ஆள். பின் நிற்பது மனை. அம்மனையின் பெயரே ஆள்களப் பெயர். கடைத்தெருவில் டொமைன் என வழங்குவதும் இதுவே.

விலையில்லா அஞ்சற்பெட்டியைத் தொடங்குபவர் பிறர் மனையில் ஓர் அறை பெறுகின்றார். குடிக்கூலி இல்லை, ஆதலின் குடியிருப்போர்க்குரிய காப்பும் இல்லை. 2004 ஏப்பிரல் 1-ஆம் நாள் கூகுள் நிறுவனம் தன் அஞ்சலைத் தொடங்கியபொழுது, பிறர் ஒருசில மெகாபைட்டு இடமே தந்துகொண்டிருக்க, அது ஒரு கிகாபைட்டு இடத்தைக் கூலியின்றித் தந்தது. உலகம் வியந்தது, சென்று குவிந்தது. அங்குக் குவிந்த மடல்களின் சொற்களைப் பொறிகொண்டு துருவி, அவற்றிற்கேற்ற விளம்பரங்களைக் காட்டும் வழக்கம் 2017 வரை நடந்தது; பின்னர்க் கைவிடப்பெற்றது. 2023 திசம்பர் முதல், இரண்டாண்டுகள் தொடப்பெறாது கிடக்கும் தனியாள் கணக்குகளை அழித்துவிடும் நடைமுறையும் வந்தது. இவற்றில் எதற்கும் அறையில் இருந்தவரிடம் ஒப்புதல் கேட்கப்பெறவில்லை. மனை அவர்களுடையது, சட்டமும் அவர்களுடையது.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. சிறு நிறுவனங்கள் தம் ஆள்களப் பெயரிலேயே கூலியின்றி அஞ்சல் வைத்துக்கொள்ளும் வாய்ப்பை அந்நிறுவனம் 2006-இல் அளித்தது. 2012 திசம்பரில் புதியவர்க்குக் கதவடைத்தது. 2022 சனவரியில், பழையவர்க்கும் அது முடிவுக்கு வரும் என்றது. பின்னர் வீட்டுப் பயன்பாட்டிற்கு மட்டும் விலக்களித்து, வணிகம் செய்வோரைப் பணம் கட்டச் சொல்லிற்று. பணம் கேட்டது பிழையன்று. உழைப்பிற்கு ஊதியம் கேட்பது முறையே. இங்கே கருதத் தக்கது பிறிதொன்று. பெயர் தம்முடையதாகக் கொண்டிருந்தோர்க்கு, "கட்டுகின்றேன்" என்று சொல்லவும் "வேறிடம் போகின்றேன்" என்று சொல்லவும் வாய் இருந்தது. முகவரி மாறாமலே அவர்கள் வேறு நிறுவனத்திற்குச் செல்ல முடிந்தது. பெயரே பிறருடையதாகக் கொண்டவர்க்கு அத்தகைய நாள் வருமாயின் போக்கிடம் ஏது? முகவரியை விட்டுவிட்டன்றோ வெளியேற வேண்டும்?

பெரியவர்க்கே நேர்ந்தது

இது சிறியவர்க்கு மட்டும் உரிய இடர் என்று எண்ணற்க. குசராத்து மாநிலத்தின் வாடினாரில் பெரும் எண்ணெய்த் தூய்மைப்பாட்டு ஆலையை நடத்துவது நயாரா எனர்சி என்னும் நிறுவனம். அதில் உருசிய எண்ணெய்க் குழுமத்திற்குப் பங்கு உண்டு. 2025 சூலைத் திங்களில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடைகளை விதித்தது. அடுத்த சில நாள்களில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதற்கு வழங்கிவந்த பணிகளை நிறுத்திற்று. பணம் கட்டிப் பெற்ற பணி. ஆயினும் அலுவலர்களின் மின்னஞ்சல் ஒருநாளில் நின்றது. நிறுவனம் தில்லி உயர் வழக்குமன்றத்தை நாடியது. இடைக்காலத்தில் ரீடிஃப் என்னும் இந்திய நிறுவனத்தின் அஞ்சலுக்கு மாறியது. அத்திங்கள் முடிவதற்குள் மைக்ரோசாப்ட் தன் பணிகளை மீண்டும் திறந்துவிட்டது.

அந்தத் தடை முறையானதா, அன்றா என்பது இங்கு ஆராய்ச்சியன்று. பணம் கட்டும் பெருநிறுவனத்திற்கே அஞ்சற்பெட்டியின் திறவுகோல் பிறர் கையில் இருந்தது என்பதே இங்குக் கருதற்பாலது. வழக்குமன்றம் செல்ல அதற்குப் பொருள்வலி இருந்தது. நால்வர் பணிபுரியும் அச்சகத்திற்கு அவ்வலி உண்டோ?

ஆதலின், தமிழ் வணிகர் மூன்றைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று பெயர், மற்றொன்று மடல்களை வாங்கி வைத்து விடுக்கும் வழங்கி, மூன்றாவது மடல்களின் படி. பெயர் உரிமையாதல் வேண்டும். வழங்கி குடிக்கூலிக்கு இருக்கலாம். படி கைவசம் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒரே கையில், அதுவும் அயலார் கையில், சிக்கிக் கிடப்பதே அடிமைநிலை. மூன்றும் பிரிந்து நிற்குமாயின், எந்த நிறுவனம் எந்நாள் கதவடைத்தாலும் சில மணிநேரத்தில் வேறு கதவைத் திறந்துகொள்ளலாம்.

பெயரைக் கொள்ளும் முறை

ஆள்களப் பெயரை எவரும் முற்றாக விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்கின்றனர். பெரும்பாலான பெயர்களை ஒரே நேரத்தில் பத்தாண்டுகள் வரை பதிந்து வைக்கலாம். இந்தியாவிற்குரிய 'புள்ளி இன்' பெயர்களையும், தமிழெழுத்தில் அமையும் 'புள்ளி இந்தியா' பெயர்களையும் நிக்சி எனப்பெறும் இந்திய இணைய அமைப்பு மேற்பார்க்கின்றது. வணிகர் அதனிடம் நேரே செல்வதில்லை. அதன் ஒப்புதல் பெற்ற பதிவகங்கள் வாயிலாகப் பெறுகின்றார்.

இங்கே தமிழர்க்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழ்ப் பெயரை உரோமன் எழுத்தில் எழுதும்பொழுது ஒருவர் எழுதுவதுபோல் மற்றொருவர் எழுதுவதில்லை. ழகரத்திற்கு இரண்டெழுத்து இடுவோரும் உளர். ஓரெழுத்து இடுவோரும் உளர். நெடிலுக்கு ஒருவர் உயிரெழுத்தை இரட்டிக்கின்றார். மற்றொருவர் ஒற்றையாகவே விடுகின்றார். 'யாழ்' என்னும் ஈரெழுத்துச் சொல்லையே நான்கு வகையாக எழுதலாம் எனின், 'வாழைத்தோட்டம்' என்பதன் நிலை என்னாகும்? வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்டு எழுதிய முகவரி ஓரெழுத்துப் பிழைத்தால் மடல் வேறெங்கோ செல்லும், அல்லது திரும்பும். ஆகவே ழகர ளகரக் குழப்பமும் நெடிற் குழப்பமும் இல்லாத, குறுகிய, நல்ல தமிழ்ச் சொல்லைத் தேர்தல் நன்று. கடையின் பெயரே அத்தகையதாயின், வழக்கில் உள்ள இரண்டு எழுத்துமுறைகளையும் பதிந்து, ஒன்றிற்கு வரும் மடல் மற்றொன்றில் வந்து சேருமாறு அமைத்துக்கொள்ளலாம். இடையே சிறுகோடு இடுதலும் எண்களைச் சேர்த்தலும் தவிர்க்கத் தக்கன.

பதிவு செய்யுங்கால் நான்கு செய்திகளில் விழிப்பு வேண்டும்.

முதலாவது, பதிவு உரிமையாளர் பெயரில் இருத்தல் வேண்டும். இணையத்தளம் அமைத்துத் தரும் இளைஞர் தம் கணக்கிலேயே பெயரைப் பதிந்துவிடுவதும், சில ஆண்டுகள் கழித்து அவர் ஊர் மாறியோ தொழில் மாறியோ போய்விட, கடைக்காரர் தம் பெயருக்குத் தாமே அயலாராய் நிற்பதும் எங்கும் காணும் காட்சி. நிலத்தைப் பிறர் பெயரில் எவரேனும் ஆவணப் பதிவு செய்வரோ?

இரண்டாவது, பதிவகத்திற்குத் தரும் தொடர்பு முகவரி அதே ஆள்களத்தின் முகவரியாய் மட்டும் இருத்தலாகாது. அந்தப் பெயர் காலாவதியானால் அம்முகவரியும் செத்துவிடும். செத்த முகவரிக்கே எச்சரிக்கை மடல் செல்லும். பெட்டிக்குள் திறவுகோலை வைத்துப் பெட்டியைப் பூட்டுவது போன்றது அது. வேறொரு முகவரியும் உரிமையாளரின் கைப்பேசி எண்ணும் அங்கே இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கெடுநாள். கெடு தவறிய பெயரை மீட்க ஓரளவு காலம் தரப்பெறும். அதுவும் கடந்தால் அப்பெயரை உலகில் எவரும் பதிந்துகொள்ளலாம். அங்ஙனம் பதிந்தவர்க்குப் பெயர் மட்டுமா கிடைக்கின்றது? அன்றுமுதல் அப்பெயருக்கு வரும் மடல்கள் எல்லாம் அவரிடமே செல்லும். வங்கியும் வரித்துறையும் கடவுச்சொல் மாற்றுதற்கு விடுக்கும் மடலும் அதில் அடங்கும். சில நூறு உருவாக் கட்டணத்தை மறந்ததால் கணக்கையே இழக்கும் இடம் இது.

நான்காவது, பதிவகக் கணக்கிற்கு இருநிலைச் சரிபார்ப்பு வேண்டும். கடவுச்சொல் ஒன்றே போதாது. கைப்பேசியில் தோன்றும் எண்ணையும் கேட்குமாறு அமைத்துவிடுதல் வேண்டும். மனையின் தலைவாயில் இதுவே.

வழங்கியைத் தேர்தல்

பெயர் கைக்கு வந்தபின் அதற்குரிய வழங்கியைத் தேர வேண்டும். வழிகள் மூன்று.

முதல் வழி, வழங்கியைத் தாமே அமைத்து நடத்துதல். உரிமை உணர்வுடையார்க்கு இஃது இனிக்கும். ஆயின் இரவும் பகலும் அதனைக் காக்க ஆள் வேண்டும். புதிதாய்த் தோன்றும் வழங்கியின் மடல்களைப் பெருநிறுவனங்கள் ஐயுற்றுக் குப்பைப் பெட்டியில் இடும். மின்சாரமோ இணைப்போ நெடுநேரம் அற்றால் மடல் திரும்பும். கணிப்பொறி கற்ற ஆள் இல்லாத சிறுகடைக்கு இவ்வழி பொருந்தாது.

இரண்டாம் வழி, இணையத்தளத்திற்கு இடம் தரும் நிறுவனம் இணைப்பாகத் தரும் அஞ்சல். மலிவானது. ஆயின் ஒரே பொறியில் நூற்றுக்கணக்கான கடைகள் குடியிருக்கும். அவற்றுள் ஒன்று வேண்டா மடல்களை வாரி இறைத்தால் அனைவர் பெயரும் கெடும். குற்றமற்றவர் மடலும் தடுக்கப்பெறும்.

மூன்றாம் வழி, அஞ்சலையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தில் பெட்டிக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்துதல். சிறுவணிகர் பெரும்பாலார்க்கு இதுவே ஏற்றது. கூகுளும் மைக்ரோசாப்டும் இதனைச் செய்கின்றன. 1996-இல் தொடங்கி, 2009 முதல் சோகோ எனப் பெயர் பெற்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்துள்ள நிறுவனமும் இதனைச் செய்கின்றது. கமுக்கத்தையே முதன்மையாகக் கொண்டு செனீவாவில் 2014-இல் எழுந்த புரோட்டான், செருமனியின் தூட்டா போன்றனவும் உள்ளன.

எதனைத் தேர்வது? அயல்நாட்டது என்பதற்காக ஒன்றைத் தள்ளுதலும், தமிழ்நிலத்தது என்பதற்காகக் கண்மூடி ஒன்றைக் கொள்ளுதலும் வணிகர்க்கு அழகல்ல. தமிழ்நிலத்து நிறுவனத்திற்கு முதல் வாய்ப்பளிக்கலாம். ஆனால் பிறரைக் கேட்கும் வினாக்களையே அதனையும் கேட்டல் வேண்டும். வினாக்கள் இவை:

மடல்கள் அனைத்தையும் எந்நாளும் படியெடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? ஐமேப் என்னும் பொதுமுறை வழியாகப் பிற மென்பொருள்களிலும் மடலைப் பார்க்க முடியுமா? இடர் நேர்ந்தால் தொலைபேசியில் மாந்தர் ஒருவர் விடை சொல்வாரா? மடல்கள் எந்நாட்டுப் பொறியில் வைக்கப்பெறுகின்றன? இரண்டாம் ஆண்டின் கட்டணம் என்ன? ஒரு பெட்டிக்கு எத்தனை மாற்றுப்பெயர்கள் தருவர்? பணம் செலுத்தக் காலந்தாழ்ந்தால் எத்தனை நாள் மடல்களை அழிக்காது வைப்பர்?

இவற்றுள் முதல் வினாவே தலையாயது. உள்ளே நுழையும் வாயிலை எல்லாரும் அகலமாகத்தான் வைப்பர். வெளியேறும் வாயிலின் அகலத்தை அளந்து பார்த்தபின்பே குடிபுகுதல் வேண்டும்.

மடல் வைக்கப்பெறும் நாடும் கருதத் தக்கதே. அமெரிக்காவில் 2018-இல் இயற்றப்பெற்ற கிளவுடு சட்டம், அந்நாட்டு ஆளுகைக்கு உட்பட்ட நிறுவனங்கள் உலகின் எந்த மூலையில் செய்திகளை வைத்திருந்தாலும், சட்டமுறைப்படி கேட்டால் தருதல் வேண்டும் என்கின்றது. கமுக்கம் காக்கும் நிறுவனங்களும் தத்தம் நாட்டுச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டனவே. 2021-இல் சுவிசு நாட்டு ஆணைப்படி ஒரு பயனரின் இணைய இணைப்பு எண்ணைப் பதிந்து தர வேண்டிய நிலை புரோட்டானுக்கும் நேர்ந்தது. மேலும், மறைமொழியாக்கம் முழுப்பயன் தருவது மடலின் இருமுனையும் அம்முறையில் அமைந்தால்தான். வாங்குபவர் பொதுவான அஞ்சலில் இருப்பாராயின், அவர்பக்கத்துப் படி மறைமொழியாக இருப்பதில்லை. ஆகவே எந்த அஞ்சலும் இரும்புப்பெட்டியன்று. வங்கிக் கடவுச்சொல்லையும் அட்டை எண்களையும் மடலில் எழுதாமையே முதற் காப்பு.

பெட்டிகளின் எண்ணிக்கையிலும் சிக்கனம் வேண்டும். மூவர் பணிபுரியும் கடைக்கு மூன்று பெட்டிகள் போதும். விற்பனை, கணக்கு, குறைகேட்பு என்றவாறு தொழில்முகவரிகள் எத்தனை வேண்டுமாயினும் அவற்றை மாற்றுப்பெயர்களாக அம்மூன்றனுள் விழச் செய்யலாம். பெரும்பாலும் அதற்குத் தனிக்கட்டணம் இல்லை. வெளியுலகிற்கு எப்பொழுதும் தொழில்முகவரியையே தருதல் நன்று. ஆள் மாறினாலும் முகவரி மாறாது.

மடலுக்குப் பொறியிடல்

இன்றைய அஞ்சலின் பெருங்குறை ஒன்று அதன் பிறப்பிலேயே உள்ளது. மடல்களை விடுக்கும் நெறிமுறை 1982-இல் வகுக்கப்பெற்றது. ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர் சிலர்க்குள் வழங்கியது அது. ஆதலின் விடுப்பவர் சொல்லும் பெயர் உண்மையா என்று கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை. உறையின் பின்புறம் எவரும் எவர் பெயரையும் எழுதலாம் என்ற நிலை. பின்வந்தோர் அக்குறையை மூன்று ஏற்பாடுகளால் அடைத்தனர்.

எசு.பி.எஃப். என்பது, 'எம் பெயரால் மடல் விடுக்க உரிமை பெற்ற வழங்கிகள் இவை' என ஆள்களத்தின் பெயரேட்டில் எழுதி வைக்கும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு மடலிலும் இடப்பெறும் கண்ணுக்குத் தெரியாத அரக்குப்பொறி. வழியில் எவரேனும் மடலைத் திருத்தினால் பொறி உடையும். டி.மார்க் என்பது, 'பட்டியலோடும் பொறியோடும் பொருந்தாத மடல் எம் பெயரால் வந்தால் இன்னது செய்க' என வாங்குபவர்க்கு இடும் கட்டளை. இம்மூன்றும் இன்று விருப்பத்தைப் பொறுத்தவையல்ல. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும், மடல் விடுப்போர் அனைவர்க்கும் முதலிரண்டனுள் ஒன்றையேனும் இன்றியமையாததாக்கின. பெருமளவில் மடல் விடுப்போர்க்கு மூன்றையும் கட்டாயமாக்கின. இவற்றை எழுதாத கடையின் விலைப்புள்ளி வாங்குபவர் கண்ணில் படாமலே குப்பைப் பெட்டியில் கிடக்கும். "விடை வரவில்லையே" என்று கடைக்காரர் காத்துக் கிடப்பார்.

அஞ்சல் நிறுவனம் தரும் வரிகளைப் பதிவகத்தின் பக்கத்தில் பிழையின்றிப் படியெடுத்து ஒட்டுவதே இதற்கு வேண்டிய வேலை. எசு.பி.எஃப். வரி ஓர் ஆள்களத்திற்கு ஒன்றே இருத்தல் வேண்டும். இரண்டு எழுதினால் இரண்டும் பயனற்றுப் போகும். டி.மார்க்கைத் தொடக்கத்தில் 'கண்காணிக்க' என்னும் அளவில் வைத்து, சில கிழமைகள் அறிக்கைகளைப் பார்த்தபின் 'ஒதுக்குக', 'தள்ளுக' எனக் கடுமையாக்குதல் முறை.

நாள்தோறும் பேணல்

மின்னஞ்சல் வழியே நடக்கும் களவுகளுள் கொடியது கணக்கெண் மாற்று. திருடன் வணிகரின் பெட்டிக்குள் ஓசையின்றிப் புகுவான், பல நாள் மடல்களைப் படித்துக்கொண்டிருப்பான், பெருந்தொகை வரவிருக்கும் வேளையில், "எம் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணிற்கு விடுக்க" என்று வாங்குபவர்க்கு எழுதுவான். நடையும் வணக்கமும் பெயரும் வணிகருடையனவாகவே இருக்கும். பணம் போனபின்பே இருவர்க்கும் தெரியவரும். அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையின் இணையக் குற்றப் பிரிவிற்கு 2023-இல் வந்த முறையீடுகளில் மட்டும் இவ்வகை இழப்பு 290 கோடி தாலருக்கு மேல். அயல்நாட்டுக்குச் சரக்கு விடுக்கும் திருப்பூர்ப் பின்னலாடைப் பட்டறையும் கரூர் நெசவகமும் இதனைச் சுவரில் எழுதி வைத்தல் தகும்: கணக்கெண் மாற்றம் பற்றி மடல் வந்தால், அம்மடலில் உள்ள எண்ணை அன்று, முன்பே அறிந்த எண்ணைத் தொலைபேசியில் அழைத்துக் குரலைக் கேட்டபின்பே பணம் விடுத்தல் வேண்டும். வாங்குபவர்க்கும் இதனை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.

பெட்டிகள் அனைத்திற்கும் இருநிலைச் சரிபார்ப்பு வேண்டும். ஒரே கடவுச்சொல்லை நால்வர் பகிர்தல் கூடாது. பணியாளர் விலகும் நாளிலேயே அவர் கடவுச்சொல்லை மாற்றி, அவர் கைப்பேசியில் திறந்திருக்கும் இணைப்புகளைத் துண்டித்து, அவர்க்கு வரும் மடல்களை மற்றொருவர்க்குத் திருப்புதல் வேண்டும். இது விலகுபவர்மீது ஐயம் கொள்வதன்று. கடைத் திறவுகோலைத் திரும்பப் பெறுவது போன்ற நடைமுறையே. பெட்டியின் அமைப்புகளில், எவரும் அறியாமல் மடலை வெளியே திருப்பும் கட்டளை ஏதேனும் நுழைந்துள்ளதா எனத் திங்கள்தோறும் பார்த்தலும் வேண்டும். களவு செய்வோர் முதலில் விட்டுச்செல்வது அதனையே.

இனிப் படி. வழங்கியில் மடல் இருக்கின்றது என்பது படி இருக்கின்றது என்பதாகாது. அழித்தால் அங்கும் அழியும். காலாண்டிற்கு ஒருமுறையேனும் மடல்களை முழுதும் இறக்கித் தனி வட்டில் சேமித்தல் வேண்டும். சரக்கு, பணி வரிச் சட்டப்படி கணக்கேடுகளை, ஆண்டறிக்கை தரவேண்டிய கெடுநாளிலிருந்து 72 திங்கள்கள் காத்தல் வேண்டும். விலைச்சிட்டைகள் மடலிலேயே வந்து மடலிலேயே போகும் இந்நாளில் அம்மடல்களும் காக்கத் தக்கனவே. வழக்கென்று வந்தாலும் மடலே சான்று. 1872-ஆம் ஆண்டின் சான்றுச் சட்டத்தை நீக்கி, வடமொழிப் பெயரிட்டு 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்பதிவின் படியோடு உறுதிச்சான்று ஒன்றையும் கேட்கின்றது. மடலே கைவசம் இல்லாதவர் எதற்குச் சான்றளிப்பார்?

மாறும் முறை

பழைய முகவரியிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் தாவுதல் வேண்டா. முதலில் பெயரைப் பதிந்து, பெட்டிகளை அமைத்து, தமக்குள்ளே மடல் விடுத்து ஆய்ந்து பார்த்தல் வேண்டும். அடுத்துப் பழைய மடல்களைப் புதிய பெட்டிக்குப் படியெடுத்தல் வேண்டும். இதற்குரிய கருவியைப் பெரும்பாலான நிறுவனங்கள் தாமே தருகின்றன. பின்னர் வங்கி, வரித்துறை, மின்வாரியம், காப்பீடு ஆகிய இடங்களில் முகவரியை மாற்றுதல் வேண்டும். அதன் பின்பே வாடிக்கையாளர்க்கு அறிவித்தல். பழைய பெட்டியை மூடாமல் ஓராண்டேனும் வைத்து, அங்கு வரும் மடல் புதியதற்குத் தானே வந்துசேரச் செய்தல் வேண்டும். அச்சிட்ட சிட்டைகள் தீரும்வரை தீரட்டும். அடுத்த அச்சில் புதிய முகவரி வரட்டும். காசு வீணாகாது, பெயரும் மீளும்.

தமிழில் முகவரி, தமிழில் மடல்

இறுதியாக ஒன்று. முகவரியையே தமிழெழுத்தில் எழுதவியலாதா என்று கேட்போர்க்கு விடை உண்டு; இயலும். புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர் என்னும் மூன்று தமிழெழுத்து ஈறுகள் 2010, 2011 ஆண்டுகளில் இணையத்தில் இடம்பெற்றன. சுழிக்குறிக்கு முன்னும் பின்னும் எம்மொழி எழுத்தும் வரலாம் என்னும் நெறிமுறைகள் 2012 பிப்ரவரியில் வெளியாயின. 2014-இல் கூகுள் அஞ்சல் அத்தகைய முகவரிகளை ஏற்றது. ஆயினும் இன்றும் பல வழங்கிகளும் பல அலுவலகப் படிவங்களும் தமிழெழுத்து முகவரியை ஏற்காது தள்ளுகின்றன. ஆகவே தமிழ் முகவரி ஒன்றே போதும் எனத் துணிந்து வணிகத்தை இழத்தல் அறிவுடைமையன்று. உரோமன் எழுத்து முகவரியைத் தொழிலுக்கு வைத்துக்கொண்டு, தமிழெழுத்து முகவரியையும் அதனருகே பலகையில் எழுதி, இரண்டும் ஒரே பெட்டியில் விழுமாறு செய்க. கேட்போர் பெருகினால்தான் ஏற்போர் பெருகுவர்.

மடலின் உள்ளே தமிழ் எழுதுதற்கோ எந்தத் தடையும் இல்லை. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆளுக்கோர் எழுத்துருவைக் கையாண்டு, விடுத்தவர்க்குத் தமிழாகவும் வாங்கியவர்க்குப் புள்ளியும் கோடுமாகவும் தோன்றிய காலம் கடந்துவிட்டது. பொருள்வரியும் விலைப்புள்ளியும் நன்றியுரையும் தமிழில் எழுதப்பெற்றால் உலகின் எந்த மூலையிலும் தமிழாகவே தோன்றும். அங்ஙனம் இருந்தும், தமிழர் தமிழர்க்கு உரோமன் எழுத்தில் தமிழ் எழுதுவது கருவியின் குறையன்று, மனத்தின் குறையே.

தமிழ் வணிகப் பெருமக்களே! இன்று வீடு திரும்பியதும் கடைப்பலகையின் அடிவரியைப் படியுங்கள். அப்பெயர் யாருடையது, அதன் திறவுகோல் யார் கையில் உள்ளது, அதன் கெடுநாள் எது, மடல்களின் படி எங்கே உள்ளது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடையெழுதிப் பாருங்கள். விடை தெரியாத இடத்திலிருந்தே வேலை தொடங்கட்டும். மேல்வரியில் தமிழ்ப் பெயர் சூட்டிய கைகள் கீழ்வரியையும் தம் உரிமையாக்கிக்கொள்ளுக!